குடிபுகுமுன்

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துச் சொல்வது தமிழர் வழக்கம். ஆயினும், முதலிரண்டையும் வாங்கும்போது காட்டப்படும் கவனம் மூன்றாவதை வாடகைக்கு எடுக்கும்போது காட்டப்படுவதில்லை. சேலை வாங்குபவர் அதனை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கிறார். சாயம் போகுமா என்று கேட்கிறார். மீன் வாங்குபவர் செவுளை விரித்துப் பார்க்கிறார். மாதந்தோறும் வருமானத்தின் பெரும்பங்கை விழுங்கப்போகும் வீட்டையோ, அவரே, பொழுதுபடும் வேளையில், தரகர் வாசலில் நின்று அவசரப்படுத்த, கால் மணி நேரத்திற் பார்த்து முற்பணமும் கொடுத்துவிடுகிறார்.

பல்கலைக்கழக மாணவரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. விடுதியில் எல்லா ஆண்டுகளிலும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. இடம் இல்லாதவர்கள் மூவராகவோ நால்வராகவோ சேர்ந்து வெளியிற் குடியிருக்க வேண்டியவராகின்றனர். அவர்களுக்கு வீடு பார்த்து அனுபவமில்லை. விரிவுரை தொடங்கிவிட்டது என்ற பதற்றம் வேறு. கேட்கவேண்டியவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவோ என்ற கூச்சமும் உண்டு. இம்மூன்றும் கூடி, நான்கு மாதங்களின் பின் நடுத்தெருவில் நின்று வருந்தும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்து விடுகின்றன.

2024 ஆம் ஆண்டு தை மாதத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் வீடு தேடிய ஒரு தகப்பனின் கதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவருடைய மகள் கொழும்பிலே கலைப்பீடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. அவளோடு சேர்ந்து குடியிருக்க விரும்பியோர் மூவர்: ஒருத்தி யாழ்ப்பாணத்தவள், ஒருத்தி மட்டக்களப்பைச் சேர்ந்தவள், மற்றவள் ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். நால்வருக்குமாக வீடு பார்ப்பதற்கென்றே தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கினார். அவருடைய தோட்பையில் ஒரு மாற்றுச் சேட்டும், ஒரு போத்தல் தண்ணீரும், மட்டை கிழிந்த ஒரு பாடசாலைக் கொப்பியும் இருந்தன.

அவருக்கு அப்பொழுது அறுபத்து நான்கு வயது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். வலிகாமம் வடக்கிலே, கல்வீடும், நன்னீர்க் கிணறும், ஒன்பது தென்னைகளும், தெருப்பக்கமாக ஒரு தனியறையும் கொண்ட வளவிற் பிறந்து வளர்ந்தவர். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்த வளவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டு குடும்பத்தோடு வெளியேறினார். ஒரு கிழமையில் திரும்பலாம் என்பது அன்றைய எண்ணம். அவ்வளவு விடுவிக்கப்பட்டபோது இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. வீடு நின்ற இடத்தில் வீடு இருக்கவில்லை. கிணற்றுக்கட்டின் ஒரு பாதி மட்டும் பற்றைக்குள் தெரிந்தது. மீளக் கட்டுவதற்கு அவரிடம் பணமும் இருக்கவில்லை. ஆக, 1990 இலிருந்து அவர் குடியிருந்த வாடகை வீடுகள் பதினொன்று. ஒவ்வொரு வீட்டை விட்டு வெளியேறும்போதும், அடுத்த வீட்டிற் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை அந்தக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அக்கேள்விகள் நூல்களிலிருந்து பெறப்பட்டவையல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நட்டம் நின்றது.

கொப்பியின் முதலாவது கேள்வி தண்ணீரைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. ஆறில்லாத அந்நிலத்தில் மழைநீரே கல்லிடுக்குகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தாற் கீழிருந்து உவர் ஏறும். மார்கழியில் இனிக்கும் கிணறு ஆடியில் உப்புக் கரிப்பதற்கு இதுவே காரணம். மலக்குழி கிணற்றுக்கு அண்மையில் இருந்தால் அதன் கழிவும் கல்லிடுக்கு வழியே கிணற்றை அடையும். அவர் முதன்முதல் வாடகைக்கு எடுத்த வீடு மழைக்காலத்திற் பார்க்கப்பட்டது. வெயிற்காலத்திற் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டபோதுதான் மதிலுக்கு அப்பால் அயல்வீட்டு மலக்குழி இருப்பது தெரியவந்தது. "எந்த மாசத்திலை வீடு பாக்கிறமோ, அதுக்கு எதிர்மாசத்தை நினைச்சுக் கேள்வி கேக்க வேணும்" என்பது அவர் கண்ட விதி.

கிணறில்லாத கொழும்புக்கும் அவ்விதி பொருந்தும். தொடர்மாடி வீடுகளிற் குழாய்நீர் நேரே மேன்மாடிக்கு ஏறுவதில்லை. நிலத்தடித் தொட்டியிற் சேர்ந்து, மின்பம்பியால் உச்சித் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து இறங்கி வருகிறது. ஆகவே மின்சாரம் நின்றால் நீரும் நிற்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது, பல மாடிவீட்டார் வாளியுடன் படியேறினர். மின்பிறப்பாக்கி உண்டா என்று மட்டும் கேட்டாற் போதாது. அது எதை இயக்கும், மின்தூக்கியையா, நீர்ப்பம்பியையா, படிக்கட்டு விளக்கை மட்டுமா என்று கேட்க வேண்டும். எரிபொருட் செலவு யாருடையது என்பதையும் கேட்க வேண்டும்.

அன்று காலை தரகர் காட்டிய முதல் வீடு, காலி வீதிக்குக் கிழக்கே, ஒழுங்கை ஒன்றின் கடைசியில், நிலமட்டத்தில் அமைந்த அனெக்ஸ். வாடகை குறைவு. பிள்ளைகள் மகிழ்ந்தனர். தகப்பனாரோ அறைக்குட் செல்லாமல் சுவரையே நோக்கிக்கொண்டு நின்றார். மண்டபத்தின் நான்கு சுவர்களிலும் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப்பூச்சு. அதற்கு மேல் பழைய நிறம். கதவு நிலைகளின் அடிப்பாகம் உப்பியிருந்தது. "தம்பி, இஞ்சை வெள்ளம் எந்த மட்டுக்கு வாறது?" என்று அவர் தரகரைக் கேட்டார். வருவதில்லை என்று தரகர் சொல்லவில்லை. "எப்பவாவதுதான் ஐயா" என்றார். அடுத்த வீட்டுப் படியில் இருந்த மூதாட்டியிடம் கேட்டபோது, அவர் கையைத் தம் முழங்காலில் வைத்துக் காட்டினார். அந்த வீடு அவ்வளவில் முடிந்தது. வீட்டைப் பற்றிய உண்மையை வீட்டுக்காரரைவிட அயலவரே அறிவர் என்பது கொப்பியின் ஐந்தாவது பக்கத்திற் காணப்படும் வாசகம்.

இரண்டாவது வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. உரிமையாளர் வெளிநாட்டில், அவருடைய உறவினர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் திறப்புடன் நின்றார். வடக்கிலும் கொழும்பிலும் இன்று இது பெருவழக்காகிவிட்டது. புலம்பெயர்ந்தோர் வாங்கிய வீடுகளை அவர்களின் பெயரால் இங்குள்ளோர் வாடகைக்கு விடுகின்றனர். அதிற் குற்றமில்லை. ஆனால் அவ்வாறு விடுபவரிடம் அற்றோணித் தத்துவம் இருத்தல் வேண்டும். அது நீக்கப்படாமலும் இருத்தல் வேண்டும். தகப்பனார் இதனை அறிந்தது தமது ஏழாவது வீட்டில். ஆறு மாத வாடகையை முற்பணமாகத் தம்பியிடம் கொடுத்துக் குடியேறிய மூன்றாம் மாதம், வெளிநாட்டிலிருந்து வந்த தமையன், தாம் எவருக்கும் வீடு கொடுக்கவில்லை என்று வாசலில் நின்றார். இருவர் சொன்னதும் உண்மையே. தம்பிக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்டிருந்தது; கொடுக்கச் சொல்லப்படவில்லை. இடையில் அகப்பட்டவர் குடியிருந்தவர்தான்.

ஆகவே, உறுதியின் பிரதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு, கடைசியாக வந்த நீர், மின்சாரக் கட்டணச் சிட்டைகள் ஆகியவற்றை அவர் கேட்டார். கட்டணச் சிட்டைகள் இருவகையிற் பயன்படுவன. அவற்றிலுள்ள பெயர் உரிமையாளரின் பெயரா என்று பார்க்கலாம். நிலுவை உண்டா என்றும் பார்க்கலாம். நிலுவை உரிமையாளருடையது எனினும், இணைப்புத் துண்டிக்கப்பட்டால் இருளில் இருப்பவர் வாடகைக்காரரே. மின்மானி தனியாக உண்டா என்பதும் சிறு கேள்வியன்று. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. பாவிக்கும் அலகுகள் கூடக் கூட ஓரலகின் விலையும் கூடுகிறது. இரு குடும்பங்கள் ஒரே மானியிற் பாவித்தால், இருவரது அலகுகளும் ஒன்றாய்க் கூட்டப்பட்டு உயர்ந்த படியில் விலையிடப்படும். சரிபாதியாகப் பிரித்தாலும், தனித்தனி மானி இருந்திருந்தாற் கட்டியிருக்கக்கூடியதைவிட இருவருமே கூடுதலாகக் கட்ட நேரலாம்.

தொடர்மாடிக்கே உரிய சில கேள்விகளும் உள்ளன. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு ஆதனச் சட்டத்தின்படி, ஒரு தொகுதியின் படிக்கட்டு, மின்தூக்கி, உச்சித் தொட்டி முதலிய பொதுப் பாகங்கள் அனைத்து உரிமையாளருக்கும் பொதுவானவை. அவற்றைப் பேணுவது முகாமைக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. அப்பராமரிப்புக் கட்டணத்தை வாடகைக்காரர் கட்டுவதா உரிமையாளர் கட்டுவதா என்பது முன்னரே பேசி முடிக்கப்பட வேண்டியது. பேசாதவிடத்து, முதல் மாத முடிவில் அது கதவடியில் ஒரு கடிதமாக வந்து கிடக்கும்.

உறவினர் எனப்பட்டவர் அற்றோணித் தத்துவத்தைக் காட்டவில்லை. "ஐயாவுக்கு எங்களிலை நம்பிக்கை இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். "நம்பிக்கை இருக்கு தம்பி. அதாலைதான் பேப்பரைக் கேக்கிறன். நம்பிக்கை இல்லாட்டி வந்தே இருக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் படியிறங்கினார்.

கடதாசி என்று சொல்லும்போது சட்டத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். மாணவர் பலர், ஐம்பது ரூபாக் கொப்பித் தாளில் இருபகுதியாரும் கையொப்பமிட்டுவிட்டால் ஓராண்டுக்கு வீடு உறுதி என எண்ணுகின்றனர். இந்நாட்டிலே 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இன்றும் வழக்கிலுள்ளது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு, முறைப்படி எழுதப்படல் வேண்டும் என்பது அதன் விதி. அவ்வாறு எழுதப்படாத ஓராண்டு ஒப்பந்தம் மாதாமாத வாடகையாகவே கொள்ளப்படத்தக்கது; ஒரு மாத முன்னறிவித்தலோடு அது முடிந்துவிடலாம். பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவ்வறிவித்தல் வந்தவர்கள் கலைப்பீடத்தில் இல்லாமலில்லை.

வாடகைக்காரரைச் சட்டம் முழுமையாகக் காக்கும் என்ற பழைய நம்பிக்கையும் இன்று பொருந்தாது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையையும் வெளியேற்றலையும் கட்டுப்படுத்தியது. 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு எல்லையிட்டு, மேலதிக வீடுகளிற் குடியிருந்தோர் அவற்றை வாங்க விண்ணப்பிப்பதற்கும் வழிசெய்தது. வீடற்றோர்க்கு நியாயம் வழங்க எழுந்த அச்சட்டங்கள் வீடுடையோர் உள்ளத்தில் ஓர் அச்சத்தையும் விதைத்தன. வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும் என்ற பேச்சு ஊரெங்கும் எழுந்தது. பலர் வீட்டைப் பூட்டி வைத்தனர். கொடுத்தவர்கள் தெரிந்தவருக்கே கொடுத்தனர். பின்னர் 1980 இலும் 2002 இலும் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் வாடகைச் சட்டத்தின் எல்லையைப் பெரிதும் சுருக்கின. சட்டம் சுருங்கியபோதும் அச்சம் சுருங்கவில்லை. வீடு கேட்டு வருபவர் யார், எவ்விடத்தவர், எத்தகையவர் என்று துருவும் வழக்கம் நிலைத்துவிட்டது. அத்துருவலின் ஒரு பகுதிக்குச் சட்டத்தின் அச்சம் காரணம். மற்றப் பகுதிக்குக் காரணம் அதனினும் பழையது.

மூன்றாவது வீட்டுக்கு அவர்கள் சென்றபோது மணி நான்காகியிருந்தது. காலி வீதிக்கு மேற்கே, கடற்பக்கமாக, நான்காம் மாடி. இரு அறைகள், மண்டபம், சிறு குசினி, கடலை நோக்கிய ஒரு பலகணி. கீழே புகையிரதப் பாதை. அதற்கப்பால் நீலக் கடல். வீட்டின் உரிமையாளரான அம்மையார் அதே தொகுதியில் இரண்டாம் மாடியிலேயே வாழ்ந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்தவர், பேச்சில் நேர்மை தெரிந்தது. தகப்பனார் கொப்பியைத் திறந்தார். தொட்டியின் கொள்ளளவு முதல் மின்பிறப்பாக்கி வரை கேட்டவை அனைத்துக்கும் அம்மையார் தடையின்றி விடையளித்தார். உறுதியைக் காட்டினார். மின்மானி தனி, நிலுவை இல்லை. பராமரிப்புக் கட்டணம் தம்முடையது என்றார். கடற்காற்று இரும்பை அரிக்கும் என்பதைத் தாமே சொல்லி, யன்னற் கம்பிகளில் மூன்று உக்கிவிட்டன, மாற்றித் தருவேன் என்றார். முற்பணத்தை எத்தனை நாளிலே திருப்பித் தருவார், வெளியேறும்போது எவ்வெவற்றைக் கழிப்பார் என்ற கேள்விக்கும் சினக்கவில்லை. சுவரில் உள்ள ஆணித்துளைகளைக்கூட எண்ணி எழுதி இருவரும் கையொப்பமிடுவோம் என்றார்.

பொலிஸ் பதிவு பற்றிய கேள்வியும் கேட்கப்பட்டது. போர்க்காலத்திற் கொழும்பில் வாடகைக்கு இருந்த தமிழருக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய கேள்வியாக இருந்தது. 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி அதிகாலை, கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையுத்தரவு அதனை நிறுத்தியது. மகளின் சிறுவயதிலே மருத்துவத்துக்காக வந்து அந்நாட்களில் வெள்ளவத்தையில் ஓரறையில் இருந்த தகப்பனார், வீட்டுக்காரர் தம் பெயரை முறையாகப் பதிவு செய்திருந்தமையால் அக்கிழமையில் ஓரளவு உறங்கினார். அவசரகாலநிலை 2011 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நீங்கியது. ஆனாலும் "எங்கடை பெயர் எங்கை எழுதுப்படும்?" என்ற கேள்வியை அவர் கொப்பியிலிருந்து வெட்டவில்லை.

அம்மையார் தேநீர் கொண்டுவந்தார். பிள்ளைகள் பலகணியில் நின்று யார் எந்த அறை என்று பேசத் தொடங்கிவிட்டனர். அதன் பின்னரே அம்மையார் தமது கேள்விகளைத் தொடங்கினார். நால்வரின் பெயர்களையும் கேட்டார், ஊர்களையும் கேட்டார். யாழ்ப்பாணத்தவள் சொன்ன ஊரை மனத்துள் நிறுத்துப் பார்த்து, இன்ன கோயிலடியா என்று கேட்டுத் திருப்தியடைந்தார். மட்டக்களப்பாள் தன் தகப்பனார் அதிபர் என்றதும் தலையசைத்தார். நான்காமவளிடம் வந்தபோது அவருடைய குரல் தாழ்ந்தது; கேள்வியும் அவளிடமன்றித் தகப்பனாரிடம் திரும்பியது.

"ஹற்றன் எண்டால்... தோட்டத்துப் பிள்ளையே?"

"ஓம்."

"மற்ற மூண்டு பேரிலையும் எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை. குறை நினையாதேங்கோ. இது நாங்கள் புழங்கிற வீடு. ஆக்கள் வரப் போக இருப்பினம்..."

பலகணிக் கதவு திறந்தே இருந்தது. கடற்காற்று உள்நோக்கி வீசிக்கொண்டிருந்தமையால் அவர் சொன்னது வெளியிற் கேட்டிருக்கலாம், கேளாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை கடலைப் பார்ப்பதை நிறுத்தி, தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இவ்விடத்தில் ஒன்றை எண்ண வேண்டும். தண்ணீர் எப்படி, உறுதி எங்கே, மானி யாருடையது என்று கேட்பதற்கே ஒருவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருத்தல் வேண்டும். அப்பிள்ளையின் முன்னோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை லயன் அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அவ்வறைகளுக்கு அவர்கள் வாடகை கட்டியதில்லை, உரிமை பெற்றதுமில்லை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை குடியிருப்பு. வேலை போனாற் குடியிருப்புக்கும் உறுதியில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாட்டிலேயே குடியிருப்பற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கும்வரை அரைநூற்றாண்டுக்கு மேல் அவர்கள் காத்திருந்தனர். அவ்வறையொன்றிலிருந்து பரீட்சைகளைக் கடந்து கலைப்பீடத்துக்கு வந்த ஒருத்தி, வாழ்க்கையில் முதன்முறையாக வாடகைக்கு ஒரு வீடு பார்க்க வந்திருந்தாள். அவள் கேட்கவேண்டிய கேள்விகள் அனைத்தையும் தகப்பனாரின் கொப்பி கேட்டுவிட்டது. அவளைக் குறித்து வீடு கேட்கப்போகும் கேள்வி மட்டும் அக்கொப்பியில் இருக்கவில்லை.

தகப்பனார் தேநீரை முழுதும் குடித்து முடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார். "அப்ப சரி அம்மா, நாங்கள் வேறை இடம் பாக்கிறம்" என்று சொல்லி எழுந்தார். வாதாடவில்லை, அறிவுரை கூறவுமில்லை. அம்மையார் உண்மையில் வருந்தினார். வாடகையில் ஐயாயிரம் ரூபா குறைப்பதாகவும் சொன்னார். அந்த வருத்தமும் போலியன்று. இத்தகைய நேரங்களில் உள்ளத்தை மிகவும் குழப்புவது அதுவே. எல்லாக் கேள்விகளுக்கும் நேர்மையாக விடை சொன்ன ஒருவரே அந்தக் கேள்வியையும் கேட்டார்.

படியிறங்கும்போது நான்காமவள் சொன்னாள்: "எனக்காக இந்த வீட்ட விடவேணாம் அங்கிள். நல்ல வீடு. நான் வேற எடம் பாத்துக்கிறேன். எனக்குப் பழக்கந்தான்."

"எங்களுக்குப் பழகக்கூடாது பிள்ளை" என்றார் அவர். அதற்கு மேல் எவரும் பேசவில்லை.

அன்றிரவு பஸ் புறப்படுமுன், நிறுத்தத்தில் வைத்து அவர் மகளுக்கு ஒன்றைச் சொன்னார். 1984 ஆம் ஆண்டு நடந்தது அது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கு. ஊர்ப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த ஓர் இளம் ஆசிரியர், தெருப்பக்கத்துத் தனியறையை வாடகைக்குக் கேட்டு ஒரு ஞாயிறு காலை வந்தார். கணிதம் படிப்பிப்பவர், வெள்ளைச் சேட்டு, சைக்கிளில் ஒரு பெட்டி கட்டியிருந்தார். அவருடைய தகப்பனார், அதாவது அந்த மகளின் பேரனார், படலையடியிலேயே நிறுத்தி, "ஊரிலை எவ்விடம்?" என்று கேட்டார். ஆசிரியர் ஊரைச் சொன்னார். "அந்த ஊரிலை எந்தப் பகுதி?" என்று அடுத்த கேள்வி வந்தது. யாழ்ப்பாணத்திலே அக்கேள்வி நிலப்படத்தைப் பற்றியதன்று. சாதியைப் பற்றியது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஆசிரியர் மறைக்கவில்லை. அறை மருமகனுக்கென்று ஒதுக்கியாயிற்று என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அக்குடும்பத்தில் அப்பொழுது மருமகன் எவருமே இருக்கவில்லை.

"நீங்கள் அண்டைக்கு என்னப்பா செய்தனீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"பெட்டி சரிஞ்சு விழப்பாத்தது. அவற்றை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

சிறிது நேரம் கழித்து அவர் மேலும் சொன்னார். 1990 இல் வெளியேறி முதன்முதல் ஒரு வீட்டு வாசலிற் போய் நின்றபோது, அந்த வீட்டுக்காரரும் "ஊரிலை எவ்விடம்?" என்றே தொடங்கினார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அங்கே விறாந்தையில் இடம் கொடுத்தவர்களுட் சிலரும் பாயை விரிப்பதற்கு முன் அதனையே கேட்டனர். வான் இடிந்து விழுந்த அந்த இரவிலும் அக்கேள்வி விழவில்லை. ஒவ்வொரு முறையும் அவருடைய விடை வீட்டுக்காரருக்குத் திருப்தியளித்தது, இடம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சைக்கிளின் கைப்பிடி தம் உள்ளங்கையில் இருப்பது போல அவருக்குத் தோன்றியது. பதினொரு வீடுகளின் கேள்விகளையும் எழுதிய அவர், இதனை மட்டும் எழுதவேயில்லை. அது தாம் கேட்கவேண்டிய கேள்வி என்று அவருக்குத் தோன்றாததே காரணம். அக்கேள்வியால் அவர் ஒருமுறையும் இழந்ததில்லை.

பஸ் ஹோண் அடித்தது. அவர் ஏறிக்கொண்டார்.

பத்து நாட்களின் பின் நால்வரும் தெகிவளையில் ஒரு வீட்டிற் குடியேறினர். பல்கலைக்கழகத்துக்குச் சற்றுத் தூரம். காலையிற் பஸ்ஸுக்கு முன்கூட்டியே புறப்பட வேண்டும். கடல் தெரியாது. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் தண்ணீர் நூல்போல வரும். வீட்டின் உரிமையாளர் ஒரு முஸ்லிம் பெரியவர். நால்வரின் அடையாள அட்டைகளையும் ஒரே பார்வையிற் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் பின் முன்கதவைப் பூட்டுவேன் என்று மட்டும் சொன்னார். ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதப்பட்டது. சுவரில் ஆணித்துளைகள் பதினேழு.

கொப்பி இப்பொழுது மகளிடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு வீடு தேடும் தோழியர் அதனை இரவல் வாங்கிப் பார்க்கின்றனர். அதன் கேள்விகள் முன்போலவே தண்ணீரில் தொடங்கி முற்பணத்தில் முடிகின்றன. ஆனால் முதற்பக்கத்தின் மேல் ஓரத்தில், வரிகளுக்கு வெளியே, தகப்பனாரின் சாய்ந்த எழுத்திற் புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது: "வரப்போற எல்லாற்றை பெயரையும் ஊரையும் முதலே சொல்லிப்போட்டுக் கேள். நாலு பேருக்கும் கதவு திறக்குமோ? திறக்காட்டித் தண்ணியைப் பற்றிக் கேக்கத் தேவையில்லை."

ஒரு வீட்டிற் குடிபுகுமுன் அறியவேண்டியவை பல. அவற்றுட் பலவற்றைச் சுவரும், சிட்டையும், உறுதியும், அயலவரும் சொல்லிவிடுவர். இந்த ஒன்றை வீடு தேடுவோர் தாமாகவே முன்வந்து கேட்டாலொழிய அறிய முடியாது. எந்த வாசலிலும் தடையின்றி நுழைய முடிந்தவர்களே அதனைக் கேட்கவேண்டியவர்கள்.